நாலு விரல் அகலத் தேயிலை

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் பஸ் மஹய்யாவையை நெருங்கியதும் பத்மாதேவி ஆசனத்தை விட்டு எழுந்துவிடுவார். இறங்குவதற்கு இன்னும் நேரம் இருக்கும். உட்கார்ந்திருந்தால் வீதியின் ஒரு பக்கம்தான் கண்ணில் படும், நின்றால் இரண்டு பக்கமும் படும் என்பது அவருடைய நியாயம். ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து வெளியே பார்ப்பார். "உங்கை பாருங்கோ, பேக்கரிக்கு மேலை இன்னொரு தட்டு எழும்புது. போன மாதம் கம்பி மட்டும்தான் நிண்டது" என்று பக்கத்தில் யார் நின்றாலும் சொல்வார். ஒருமுறை கண்டக்டர், இவர் வாடகை வீடு தேடுகிறார் என்று நினைத்து, தன் மச்சானின் மேல்மாடி சும்மா கிடப்பதாகச் சொன்னாராம். வேண்டாம் என்று மறுத்துவிட்டு, அந்த மேல்மாடி எந்த வருடம் கட்டியது என்று விசாரித்திருக்கிறார்.

வயது ஐம்பத்தெட்டு. மெலிந்த உயரமான உருவம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிற பழக்கம் உண்டு. சொந்த ஊர் சுழிபுரம். முப்பத்தைந்து வருடங்களாகக் கண்டியில் பிராந்தியத் திட்டமிடல் பணியகத்தில் நில வரைபடங்கள் கீறும் படவரைஞர். அந்த நீளமான பெயரை யாரும் சொல்வதில்லை. ஓட்டோக்காரர்களுக்கும் பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் அது 'பிளான் கந்தோர்'.

பிளான் கந்தோருக்கு இந்த வருடம் நாற்பது வயது. அதற்காக மூன்று மொழிகளிலும் ஒரு வரலாற்று நூல் வெளியிடத் தீர்மானித்தார்கள். தமிழ்ப் பகுதியின் அச்சுப்பிழை பார்க்க என்னை அழைத்தார்கள். நூலுக்கு விஷயம் திரட்டிக் கொடுக்கும் பொறுப்பு, அங்கே அதிக காலம் வேலை செய்தவர் என்பதால், பத்மாதேவியிடம் வந்திருந்தது. அப்படித்தான் ஜனவரி மாதம் நான் அவருடைய அறைக்குள் போய்ச் சேர்ந்தேன்.

அறை என்று சொன்னாலும் அது முழுக்க லாச்சிகள்தான். படங்களை மடிக்காமல் வைப்பதற்கான அகலமான, தட்டையான இழுப்பறைகள். சுவரோடு சுவராகக் கூரைவரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு மேசை, இரண்டு கதிரைகள், ஒரு கணினி. அலுவலகத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது அவர் ஆண்டுகளைச் சொல்லவில்லை.

"தொடங்கேக்கை ரெண்டு லாச்சி" என்றார். "இப்ப நூற்றிப் பதினெட்டு."

ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார். துணிக்கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள், மூன்று அலுவலர்கள், ஒரு பழைய ஜீப் என்று 1986இல் அது தொடங்கியது. முதல் படம், நகருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வராமல் நிற்கிறது என்பதைக் காட்டுவது. பிறகு பஸ் நிலையங்கள். பிறகு மலைகளுக்கு நடுவில் நகரம் நிரம்பி வழிந்து, சனம் குண்டசாலைக்கும் திகணைக்கும் பிலிமத்தலாவைக்கும் இறங்கிப்போன கதை. ஒரு லாச்சியில் வயலாக இருந்த இடம், மூன்று லாச்சி தள்ளி வீட்டுத்திட்டமாக இருந்தது. "இதிலை நாங்கள் வீடு கட்டக் கூடாது எண்டு பச்சை அடிச்சனாங்கள்" என்று ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இப்ப அந்தப் பச்சைக்குள்ளைதான் எங்கடை பழைய பணிப்பாளர் ஒருத்தரின்ரை வீடு இருக்கு. இதைப் புத்தகத்திலை போடாதேங்கோ." சிரிக்காமல்தான் சொன்னார்.

மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதற்கு முன் மேசையில் இருக்கும் படங்களையெல்லாம் லாச்சிக்குள் வைத்துவிடுவார். ஒருநாள் நான் வேறு நினைவில் பிளேன்டிக் கோப்பையை ஒரு படத்தின் ஓரத்தில் வைத்துவிட்டேன். அவர் கோப்பையை எடுத்து என் கையில் தந்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார்.

தமிழில் பேசக்கூடியவர்கள் முன்மேசையில் இல்லாத நாட்களில் தமிழ் பேசி வருபவர்களைப் பத்மாதேவியிடம் அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒரு நாள் சுந்தரி என்ற பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஹேவாஹெட்டப் பக்கம், மேலேயுள்ள வெள்ளக்கல் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், வரிசைவீடுகளான லயம் ஒன்றில் குடியிருப்பு; அங்கேயே பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். போன நவம்பர் மழைக்குப் பிறகு, மண்சரியக்கூடிய இடங்களில் உள்ள குடியிருப்புகளை ஆய்வுக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் வந்தார்கள், கீழ்ப்பிரிவுக்கு மட்டும் வரவில்லை. எங்கெங்கோ விசாரித்து, கடைசியில், பட்டியல் பிளான் கந்தோர் படத்தைப் பார்த்துத்தான் போடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"லயத்துக்கு மேல தேயிலைக்குள்ள வெடிப்பு விட்டிருக்குங்க" என்றார் சுந்தரி. "கைய உட்டா முழங்கை வரைக்கும் போவுது. மழக்காலம் வாறதுக்குள்ள யாராச்சும் வந்து பாக்கணும்."

பத்மாதேவி கணினியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓடை இருந்தது. பாதை ஒன்று வந்து பாதியில் முடிந்தது. மற்றதெல்லாம் தேயிலைக்குரிய புள்ளிகள்.

"படத்திலை இதிலை வீடு ஒண்டும் இல்லையே அம்மா. வேறை பிரிவைச் சொல்லுறீங்களோ?"

"நான் காலையில அங்கேருந்துதாங்க வாறேன்."

பத்மாதேவி அவருடைய விபரங்களை எழுதிக்கொண்டு, கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கி வரும்படி சொல்லி அனுப்பினார். அதில் கடுமை எதுவும் இல்லை. எல்லாக் கந்தோர்களிலும் சொல்கிற பதில்தான்.

மூன்று வாரம் கழித்து சுந்தரி மறுபடியும் வந்தார். கிராம சேவகர் மாற்றலாகிப் போய் புதியவர் இன்னும் வரவில்லையாம். கடிதத்துக்குப் பதிலாக ஒரு பொலித்தீன் பையை மேசையில் கவிழ்த்தார். வாக்காளர் அட்டைகள். முப்பத்தொரு வீட்டு அட்டைகளையும் வீடு வீடாகப் போய் வாங்கி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"ஓட்டுக் கேக்க வாறவங்களுக்கு வழி தெரியுதுங்க. ஒங்க படத்துக்கு மட்டும் எப்புடிங்க தெரியாமப் போச்சு?"

பத்மாதேவி அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே முகவரி: கீழ்ப்பிரிவு. அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, "நாளைக்கு வரைக்கும் பொறுங்கோ. உங்கடை போன் நம்பரைத் தாங்கோ" என்றார்.

சுந்தரி போனதும் பத்மாதேவி தேடத் தொடங்கினார். கணினிப் படம் 2009இல் ஏற்றியது. அதற்கு மூலமான அச்சுப்படத்தை எடுத்தார். அதிலும் தேயிலைதான். அச்சுப்படத்துக்கு மூலம் 1994இல் கையால் வரைந்த ட்ரேசிங் தாள். நாற்பத்தொன்றாம் லாச்சியில், மெல்லிய தாள் சுற்றி வைத்திருந்தார்கள். அதை மேசையில் விரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஓடை, பாதை, தேயிலைப் புள்ளிகள். வலப்பக்க மூலையில் சின்ன எழுத்தில் 'ப.தே.', கீழே 17.6.94.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் வெறுங்கண்ணால் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நான் கீறினது" என்றார்.

பிறகு சொன்னார். அந்தப் படத்தை நில அளவைத் தாள்கள் பலவற்றைப் பொருத்தித்தான் வரைய வேண்டும். ஹேவாஹெட்டப் பக்கத்தில் இரண்டு தாள்கள் சேரும் இடத்தில் தெற்குத் தாள் இல்லை. வேறு கந்தோர் ஒன்று இரவல் வாங்கிப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை படம் வேண்டும் என்று அப்போதைய பணிப்பாளர் பிடிவாதமாக நின்றார். தெற்குப் பக்கத்தைப் பழைய சிறு படம் ஒன்றைப் பார்த்துக் கீறியும், இடையில் நாலு விரல் அகலத்துக்கு வெறுமையாக இருந்தது. இரண்டு பக்கமும் தேயிலை என்பதால் நடுவிலும் தேயிலைதானே இருக்கும் என்று புள்ளி போட்டு மூடிவிட்டார். தெற்குத் தாள் வந்ததும் திருத்துவது என்று நினைத்திருந்தார். அது வந்தபோது மகள் லோஜினி பிறந்து அவர் பிரசவ லீவில் இருந்தார். திரும்பி வந்தபோது படம் அச்சாகிச் சுவரில் தொங்கியது.

"பிறகு மறந்துபோனன். அதுதான் உண்மை. வேறை ஒரு காரணமும் இல்லை."

படத்தில் நாலு விரல் என்றால் தரையில் எழுநூறு மீற்றர். முப்பத்திரண்டு வருடங்களாக வந்த ஒவ்வொரு படமும் முந்தியதைப் பார்த்து வரைந்தது. பாதைத் திட்டம், தண்ணீர்த் திட்டம், மண்சரிவுப் பட்டியல் எல்லாவற்றிலும் அந்த எழுநூறு மீற்றரில் ஆட்கள் இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் கணவர் திருச்செல்வத்திடம் சொல்லியிருக்கிறார். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "விடும். படத்தைத் திருத்திக் குடுத்தால் முடிஞ்சுது. உமக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் கிடக்கு, விசாரணை கிசாரணை எண்டு ஏன் இழுத்துவிடுறீர்?" என்றாராம். இதை மறுநாள் என்னிடம் சொன்னபோது, "அவர் சொல்லுறதும் பிழையில்லை" என்றார். பிறகு திருத்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குப் போனார்.

பணிப்பாளர் ஹில்மி நாற்பத்துநாலு வயதுக்காரர், கெட்டிக்காரர், ஆட்களோடு மரியாதையாகப் பழகுபவர். படிவத்தை வாசித்ததும் அவசரக் கடிதத்தை அப்போதே கையெழுத்திட்டு ஆய்வுக்காரர்களுக்கு அனுப்பினார். அதில் அவர் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. ஆனால் படிவத்தில் 'பிழைக்கான காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டார். பத்மாதேவி அதில் 'படவரைஞர் பிழை' என்று எழுதித் தன் பெயரையும் போட்டிருந்தார்.

"மிஸ், 'தரவுப் பிழை'ண்டு போட்டாப் போதும்தானே. இப்புடி எழுதினா, இன்னும் எத்தன எடம் இப்புடி ஈக்கிண்டு கேப்பாங்க."

"ஓம் சேர். அதைத்தான் நானும் யோசிக்கிறன். தேடிப் பாக்கவேணும்."

தேடினார். அந்தப் பழைய படத்தில் தாள்கள் சேரும் இடங்கள் இருபத்துமூன்று. ஐந்து நாட்களாக ஒவ்வொன்றையும் வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டார். எனக்குத் தரவேண்டிய பக்கங்கள் எதுவும் வரவில்லை. கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. வேறொரு தோட்டத்தின் விளிம்பில் எட்டு வீடுகள் விடுபட்டிருந்தன. ஹில்மி பயந்தது சரிதான். அதற்கும் ஒரு படிவம் போனது, அதிலும் 'ப.தே.'.

மார்ச் மாதத்தில் அளவெடுக்கும் குழு கீழ்ப்பிரிவுக்குப் போனபோது பத்மாதேவியும் போனார். என்னையும் கூட்டிப்போனார்கள். தலாத்துஓயா தாண்டி, தோட்டத்துக்குள் ஜீப் ஏறக்கூடிய இடம்வரை ஏறி, மிச்சத்தை நடந்தோம். இரண்டு லயங்கள், தனியாகக் கட்டிய சில வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், பிள்ளைக் காம்பரா. முப்பத்தொரு வீடுகள். வெடிப்பையும் பார்த்தோம். சுந்தரி சொன்னதில் மிகை இல்லை.

சுந்தரி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். பத்மாதேவி நேரே அவரிடம் போய் நின்றார்.

"உங்கடை லயத்தைப் படத்திலை கீறாமல் விட்டது நான்தான் அம்மா. வேறை ஒருத்தரும் இல்லை. தாள் இல்லை எண்டு தேயிலையைப் போட்டு மூடிப்போட்டன்."

சுந்தரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "எப்பங்க?" என்று கேட்டார்.

"முப்பத்திரண்டு வருசம்."

சுந்தரி கையிலிருந்த துணியைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த துணிதான். "எங்க அப்பா ரோடு வேணும்னு ஏழு வாட்டி எழுதிப் போட்டாருங்க. ஒரு வாட்டியும் பதில் வரல. கடைசியில நெஞ்சுவலின்னு தூக்கிட்டு நடந்தே போனோம். அந்த வளைவு வரைக்குந்தான் போக முடிஞ்சுது." கையால் கீழே காட்டினார். பிறகு அடுத்த துணியை எடுத்தார். பத்மாதேவி மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று குழுவில் கூப்பிட்டதும் போய்விட்டார். திரும்பும் வழியில் அந்த வளைவில் ஜீப் திரும்பியபோது வெளியே பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் முடிவதற்குள் ஆய்வு அறிக்கை வந்தது. கீழ் லயத்தில் இருந்த பதினொரு குடும்பங்கள் உடனே வெளியேற வேண்டும். அவர்களைத் தோட்டப் பாடசாலை மண்டபத்தில் தங்கவைத்தார்கள். மாற்று வீட்டுக்குக் காணி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும்வரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மே மாத இறுதியில் பெய்த மழையில் வெடிப்புக்குக் கீழே இருந்த மண் இறங்கி, வெறுமையாகக் கிடந்த லயத்தின் மூன்று காம்பராக்களை மூடியது. ஒருவருக்கும் காயமில்லை.

நூல் விவகாரம் இதற்கு நடுவில் நடந்தது. 1994ஆம் ஆண்டுக்குக் கீழே பத்மாதேவி ஒரு பந்தி சேர்த்திருந்தார். ஹில்மி அதை மூன்று முறை வாசித்தார். நானும் அறையில் இருந்தேன்.

"மிஸ், படத்தத் திருத்தியாச்சு. ஆக்கள எடுத்தாச்சு. இத என்னத்துக்குப் புத்தகத்துல போடுற? மினிஸ்டர் வாற கூட்டம்."

"சேர், இது எங்கடை கந்தோரின்ரை வரலாறு எண்டு போட்டிருக்கிறம். அந்த வருசம் நாங்கள் செய்த பெரிய வேலை அந்தப் படம்தான். படத்தைப் பற்றி ரெண்டு பக்கம் புழுகி எழுதியிருக்கு. இது நாலு வரி."

ஹில்மி கதிரையில் சாய்ந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, போடுவோம். ஆனா ஒங்கட பேர் வேணாம். 'ஒரு படவரைஞர்'ண்டு போடுவோம். ஒங்களுக்காகத்தான் சொல்ற" என்றார். அது உண்மையான அக்கறை என்பது முகத்தில் தெரிந்தது.

"அந்த நேரம் இஞ்சை படவரைஞர் ரெண்டே பேர் சேர். நானும் முனாப் அண்ணையும். அவர் மௌத்தாகி ஆறு வருசம். பேரில்லாமல் போட்டால் ஆக்கள் அவரைத்தான் நினைப்பினம். நான் உயிரோடை இருந்துகொண்டு அவரை மாட்டிவிடேலாது."

முனாப்தான் ஹில்மியைச் சிறுவயதில் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஹில்மி பேனையை எடுத்துப் பந்தியின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

எழுபத்திரண்டாம் பக்கத்தில் அது இப்படி இருக்கிறது: "1994ஆம் ஆண்டு நிலப்பயன்பாட்டுப் படத்தில் வெள்ளக்கல் தோட்டக் கீழ்ப்பிரிவும் வேறோர் இடத்தில் எட்டு வீடுகளும் விடுபட்டன. மூலத்தாள் கிடைக்காத இடத்தைப் படவரைஞர் சு. பத்மாதேவி தேயிலையெனக் குறித்ததே காரணம். 2026இல் அங்கு வாழும் சுந்தரி என்பவர் முறையிட்டதால் இது கண்டறியப்பட்டது." இதில் அச்சுப்பிழை எதுவும் இல்லை, நான் நாலு முறை பார்த்தேன்.

வெளியீட்டு விழாவில் அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பேசினார்கள், ரோல்ஸும் கேக்கும் கொடுத்தார்கள். விசாரணை ஒன்றும் இதுவரை வரவில்லை. வரலாம் என்றுதான் பத்மாதேவி சொல்கிறார். "வந்தால் போய்ச் சொல்லுறதுதானே. எல்லாம் எழுதித்தானே கிடக்கு."

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, திருத்திப் புதிதாக அச்சான படத்தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸிலேயே ஹேவாஹெட்டவுக்குப் போனார். யாரும் அனுப்பவில்லை. நான் கேட்டுத்தான் கூடப் போனேன். சுந்தரி இப்போது பாடசாலை மண்டபத்தில், சேலையால் மறைத்த ஒரு மூலையில் இருக்கிறார். எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வெளிப்படிக்கு வந்து உட்கார்ந்தார். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. ஓடை, மண் மூடிய லயம், கோயிலின் தகரக் கூரை.

பத்மாதேவி தாளைப் படியில் விரித்தார். சுந்தரி குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாதுங்க. எது எங்க வீடு?"

பத்மாதேவியின் விரல் தாளை நோக்கிப் போனது. போனது பாதியில் நின்றது. அவர் எழுந்து, எதிரே தெரிந்த மலையை ஒருமுறை பார்த்து, தாளின் இரண்டு மூலைகளையும் பிடித்து மெல்லத் திருப்பினார். தாளிலிருந்த ஓடை, கீழே ஓடும் ஓடையின் திசைக்கு வந்தது. எழுத்துகளெல்லாம் தலைகீழாயின. "ஓடையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ, தெரியும்" என்றார். பிறகு கைகளை எடுத்துக்கொண்டு, சுந்தரிக்குப் பக்கத்தில், அவர் பார்க்கிற பக்கமே பார்த்து உட்கார்ந்தார்.